பன்னிரண்டு புள்ளி ஆறு

"வயரு அறுக்காம இதை மாட்ட முடியுமா, அம்மிணி?"

அப்பா இப்படிக் கேட்டது ஆவணிக் கடைசியில். கேட்டுவிட்டு அவர் போய்விடவில்லை. தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்பு மீட்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றார். என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு யாரும் அப்படி நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், நான் எழுந்து டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், "இரிக்கு" என்று மலையாளத்தில் உட்காரச் சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பெண்ணிடம் போய்விடுவார். பத்தாவதோடு நான் நின்றுகொண்டதற்கு இதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. ஆனால் மீட்டரோடு வந்த தாள் இங்கிலீஷில் இருந்தது, வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான்தான். அதனால் அப்பா நின்றார். "பாக்கறேனுங்கப்பா" என்றேன். அந்தத் தாளைப் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருக்கும் நோட்டுகளில் ஒன்றுக்குள் செருகி வைத்தேன். அந்த நோட்டுகள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. பேச வேண்டியதை எல்லாம் நான் அங்கேதான் பேசுகிறேன்.

மீட்டர் மாட்ட வேண்டிய வண்டி பூபதிராஜா மாமாவுடையது. அவர் தமிழ்ப்ரியா அக்காவின் வீட்டுக்காரர், ஊர் ஆனைமலைப் பக்கம். தை மாதக் கல்யாணத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி. தலை ஆடிக்கு அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அதில்தான் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் பெருமாட்டிக்கு வந்தார். விருந்து சாப்பிட்டுக் கை கழுவியதும், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி செரியில்லீங்க மாமா. நெனச்சா நிக்குது. ரெண்டு தடவ ஊட்டு வாசல்லயே எந்திரிக்கல, ஒரு தடவ நடுரோட்டுல. இங்கயே உட்டுட்டுப் போறேன். செரி பண்ணி வெச்சுட்டுச் சொல்லுங்க, வந்து ரெண்டையும் கூட்டிட்டுப் போறேன்."

ரெண்டையும் என்றால் வண்டியையும் அக்காவையும். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள், மாப்பிள்ளை ஏதோ கேலி பேசுகிறார் என்று. ஆடியில் புதுப்பெண் பிறந்த வீட்டில் தங்குவது வழக்கம்தானே, ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப்போவார் என்று எல்லோரும் இருந்தோம். ஆவணி பிறந்து முகூர்த்த நாட்கள் ஒவ்வொன்றாகத் தாண்டின. பக்கத்துத் தோப்பு ராமுத்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன புள்ள, இன்னும் விருந்து முடியலியா?" என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா சிரித்துவிட்டு உள்ளே வந்து, மோட்டார் போடாமலே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

அப்பா வண்டியை ஷோரூமுக்கு இரண்டு முறை கொண்டுபோனார். இரண்டு முறையும் "ஒரு குழப்பமும் இல்லா", ஒரு கோளாறும் இல்லை, என்று திருப்பி அனுப்பினார்கள். போனில் இதைச் சொன்னபோது மாமாவின் குரல் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "அவனுங்க அப்பிடித்தான் சொல்லுவானுங்க. பேட்டரி எப்பச் சாகும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு மீட்டராச்சும் இருந்தாத் தெரியும்." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது எரிச்சலில் வந்த வார்த்தை என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்கு அப்படிப் படவில்லை. மாப்பிள்ளை வாயிலிருந்து விழுவதெல்லாம் எங்கள் வீட்டில் சீர்தான். கல்யாணம் முடிந்த புதிதில் சாப்பிடும்போது, "ஃபேன் சத்தம் போடுது" என்று அவர் சும்மா சொல்ல, மறுநாளே அப்பா புது ஃபேன் வாங்கிக்கொண்டு ஆனைமலைக்கு பஸ் ஏறினார். சத்தம் போட்டது எங்கள் வீட்டு ஃபேன். அது இன்னும் சத்தம் போடுகிறது.

அப்படித்தான் மீட்டர் வந்தது, பேட்டரியின் வோல்ட்டை நம்பராகக் காட்டுவது. மாட்ட ஆள் வேண்டும். கொல்லங்கோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஜோஜோ, ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு வயரை வெட்டி இதோடு முறுக்கினால் பத்து நிமிஷ வேலை என்றாராம். ஒரு வயரை வெட்டினாலும் வாரண்டி கிடையாது என்று ஷோரூம்காரர் முன்பே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். வாரண்டியும் போய், மாப்பிள்ளை மறுபடியும் குறை சொன்னால் யாரிடம் போவது? அப்பா அந்த வெயிலில் மீட்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார். கூடவே ஜோஜோ கொடுத்த ஒரு சின்ன கிளிப். "அறுக்காம வேணுன்னா இது மதி காளிச்சேட்டா. பக்ஷே எங்க குத்தணும்னு பாத்துக் குத்தணும். எனக்கு ஓணத் திரக்கு, நேரமில்லா" என்று சொன்னதாக அப்பா அதே மலையாள ராகத்தில் சொல்லிக் காட்டினார். காளி அண்ணனுக்கு இந்த கிளிப்பே போதும், ஆனால் ஓணக் கூட்டத்தில் தனக்கு நேரமில்லை என்று அர்த்தம். அம்மா அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

மீட்டரிலிருந்து இரண்டே வயர்தான் வந்தது, சிவப்பும் கறுப்பும். நேராக பேட்டரியில் மாட்டலாம். ஆனால் அப்படி மாட்டினால் வண்டி நிற்கும்போதும் நம்பர் எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வந்த மீட்டரே அதைத் தின்றுவிடும். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நோட்டில் வண்டியின் மூஞ்சியை வரைந்தேன், ஒவ்வொரு வயரையும் அதன் நிறத்தை எழுதி வரைந்தேன். வண்டிக்குள் இத்தனை வயர்கள் யாருக்கும் தெரியாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ஹாரன் கண்ணில் பட்டது. அதன் முதுகில் இரண்டு தகட்டு நாக்குகள், இரண்டு வயர்கள் அவற்றில் செருகியிருந்தன. இழுத்தால் வந்துவிடும், அறுக்க வேண்டியதில்லை. ஜோஜோவின் கிளிப் அந்த நாக்கில் உட்காரும், அதன் முதுகில் இன்னொரு நாக்கு இருக்கும், பழைய வயரை அதில் செருகிவிடலாம். குழந்தையை முதுகில் ஏற்றிக்கொள்கிற மாதிரி.

எந்த நாக்கு என்பதுதான் கேள்வி. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு துண்டு வயர் கட்டி, ஒன்றை வண்டியின் போல்ட்டில் வைத்து, இன்னொன்றால் தொட்டேன். அக்கா சாவியைத் திருப்பினாள். ஒரு நாக்கில் பல்பு பளிச்சென்று எரிந்தது. மற்றதில் தொட்டபோது உறக்கத்தில் கண் திறக்கிற மாதிரி மங்கலாக எரிந்தது, அது ஹாரனுக்குள்ளே புகுந்து சுற்றி வருகிற கரண்ட். பளிச்சென்று எரிந்ததில் கிளிப்பைக் குத்தினேன், சிவப்பை அதில் சேர்த்தேன், கறுப்பை சேஸிஸ் போல்ட்டில் வைத்து முறுக்கினேன். அக்கா மறுபடி சாவி போட்டாள். ஹேண்டில் நடுவில் பச்சையாக எழுந்தது: 12.6. பேட்டரி நிறைந்திருந்தால் அதுதான் என்று தாளில் இருந்தது.

அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். "ஒரு வயரும் அறுக்கலியே?"

"இல்லீங்கப்பா."

ஸ்டார்ட் செய்தார். நம்பர் ஒரு நொடி பத்துக்கு இறங்கி, பிறகு ஏறி, சார்ஜ் ஆகும்போது நிற்க வேண்டிய 14.1-ல் நின்றது. லைட் போட்டோம், ஹாரன் அடித்தோம். பதினாலை விட்டு இறங்கவே இல்லை. அம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்துவிட்டாள்.

"கண்ணாடி மேல வெக்காத மருதாத்தா, நெம்பரு தெரியோணும்" என்றார் அப்பா.

"சாமிக்கு நெத்தில வெக்காம முதுகுலயா வெப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே அம்மா மீட்டருக்குப் பக்கவாட்டில் இரண்டு பொட்டு வைத்தாள். அப்பா அன்றைக்கே மாப்பிள்ளைக்கு போன் செய்தார். புரட்டாசி முதல் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாராம். சொன்னதைவிட ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லோரும் உள்ளே போன பிறகும் அக்கா வண்டியிடமே நின்றாள். சாவி போட்டபடி இருந்தது, எஞ்சின் ஓடவில்லை. 12.6 என்று இருந்தது 12.5 ஆனது.

"இப்பிடியே உட்டா என்னாகும் யோகு?"

"மூணு மணி நேரத்துல பேட்டரி செத்துரும்க்கா. அப்பறம் எந்திரிக்காது."

"தெரியும்" என்றாள்.

சாவியை அணைத்து, அதைப் புடவை நுனியில் துடைத்தாள். வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "ஞாயித்துக்கெழமையானா மத்தியானம் தின்னுட்டுப் படுப்பாரு. நாலு மணிக்கு எந்திரிச்சு மொகம் கழுவி, சென்ட் அடிச்சுட்டுக் கெளம்புவாரு. எங்கனு கேட்டா, 'உங்கொப்பன் குடுத்த வண்டிக்குப் பெட்ரோலு உங்கொப்பனா ஊத்தறான்'ம்பாரு. ஒரு ஞாயிறு அவரு தூங்கறப்போ சாவியத் திருப்பி வெச்சுட்டு வந்து படுத்துக்கிட்டேன். வண்டி எந்திரிக்கல. அன்னிக்கு ஊட்டுலயே இருந்தாரு யோகு. டீ கேட்டாரு. டீவி பாத்தோம்." சாவியை மறுபடி துடைத்தாள். "அடுத்த மாசம் இன்னொருக்கா வெச்சேன்."

"நடுரோட்டுல நின்னுச்சுன்னாரே?"

"அது அவரு சேத்துச் சொன்னது."

கையில் இருந்த ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன். அக்கா மீட்டரின் இருண்ட கண்ணாடியை விரலால் தொட்டாள்.

"வண்டில ஒரு கொறையும் இல்லைன்னு இது காட்டுச்சுன்னா, அவரு என்ன சொல்லுவாரு?"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. சரியான நாக்கைக் கண்டுபிடிப்பதில் மூன்று நாள் இருந்தேன். வண்டியில் குறை இருக்கும்வரை அவர் அக்காவை விட்டுப்போனது வண்டிக்காக. போனில் பேசலாம், ஷோரூமுக்கு ஓடலாம், அப்பாவுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும். குறை இல்லை என்றால்? அப்பாவிடம் அக்கா செய்ததைச் சொல்ல முடியாது. சொன்னால் அக்காவைத்தான் திட்டுவார், மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப் போவார். அக்காவிடமும் ஒன்றும் சொல்ல முடியாது. நோட்டில் எழுதினேன். எழுதி என்ன ஆகப்போகிறது?

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். கறுப்பு வயரை வைத்த போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும், மண்ணும் துருவும் சேர்ந்த இடத்தில் தொட்டும் தொடாமலும் நின்று நம்பர் ஆடும், குறைந்து காட்டும். மாமா பார்ப்பார். "இன்னும் செரியாகல" என்பார். இன்னொரு மாதம் கிடைக்கும். அந்த ஒரு மாதத்தை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் போனேன். அங்கே அப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பழைய பனியனால் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"போல்ட்டெல்லாம் ஒருக்கா இறுக்கிப் பாக்கறயா? நல்ல புத்தி. பாரு, பாரு."

நான் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மாமா வந்தார். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து தோப்பு வழியாக நடந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, முதுகில் வேர்வை. "வாங்க மாப்ள, வாங்க" என்று அம்மா சொம்பு நீட்டினாள். கால் மட்டும் கழுவினார். புரட்டாசி என்பதால் பருப்பும் பாயசமும் செய்திருந்தது, வாசனை வாசல் வரைக்கும் வந்தது. கதவோரம் அக்காவின் பை, மேலே மடித்த துண்டு. அக்கா தலையில் பூ வைத்து, கதவுக்கும் அந்தத் துணிப் பைக்கும் நடுவில் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது, பையைப் பார்த்தார்.

"மொதல்ல வண்டியப் பாத்துருங்க மாப்ள" என்று அப்பா கூட்டிப்போனார். கருவறை முன்னால் நிற்பது மாதிரி மீட்டர் முன்னால் நின்று, அவரே சாவியைத் திருப்பினார். 12.6. "ராத்திரி பூரா நின்ன வண்டிங்க. பாருங்க. இப்ப எடுங்க."

மாமா உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். ஒரே அழுத்தில் எழுந்தது. 14.1. அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நம்ம யோகுதான் மாட்டுனா. ஒரு வயரு அறுக்கலீங்க. வாரண்டி அப்பிடியே இருக்குது. லைட்டப் போடுங்க, ஹாரன் அடிங்க, என்ன வேணா பண்ணுங்க, எறங்காது."

லைட் போட்டார். ஹாரனை அழுத்திப் பிடித்தார், மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். நம்பர் இறங்கவில்லை. மறுபடி முறுக்கினார். இறங்கு, இறங்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். 14.1. நான் மாட்டியது அவ்வளவு சரியாக இருந்தது. மாமா அந்த நம்பரை ரொம்ப நேரம் பார்த்தார், கணக்குத் தப்பாக வந்த பையன் பலகையைப் பார்ப்பதைப் போல. அப்பா சிரித்தபடியே இருந்தார், அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா பாயசக் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

மாமா ஹேண்டிலில் இருந்த சிவப்பு பட்டனைத் தட்டி எஞ்சினை நிறுத்தினார். சாவியை அணைக்கவில்லை. காலைத் தூக்கி இறங்கினார். கதவோரம் போய் செருப்பைக் காலில் மாட்டினார், அக்காவின் பை அவர் முழங்காலில் இடித்து லேசாகச் சாய்ந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்டி இறங்கினார்.

"மாப்ள, ஒரு வாய் தண்ணியாச்சும்..." என்றார் அப்பா.

தென்னை நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்த அந்த வெள்ளைச் சட்டை ராமுத்தாயின் வேலியைத் தாண்டி, வளைவில் ஒரு தடவை தெரிந்தது. மீட்டரில் 12.7. அக்கா வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள், சாவி அவள் கைக்கு எட்டும் தூரத்தில். 12.6. யாரும் அதைத் தொடவில்லை. 12.5.