இரண்டு வெளிச்சவீடுகள், ஒரு செபம்

மேசையில் கிடந்த போனுக்குள்ளிருந்து கடல் இரைந்தது.

"ஷெரோமி, கேக்குதா?"

"கேக்குது மெல்ரோய். சொல்லுங்க."

"பெற்றரி மொத்தமா செத்துப்போச்சு. ஜீபிஎஸ் இல்ல, ரேடியோ இல்ல. எஞ்சின் மட்டும் ஓடுது. அஹ்ஸன் கீழ அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். காத்து எங்களைக் கரைப்பக்கமாத் தள்ளுது."

ஷெரோமியின் வீடு இருந்த கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இன்னும் அந்தி வெளிச்சம் மிச்சமிருந்தது. ஜப்பானில் எப்போதோ இருட்டிவிட்டது. முதலாளி ஸவாஹிர் நானா அங்கே வாங்கிய பழைய இழுவைப் படகைக் கொழும்புக்கு ஓட்டிவரத்தான் மெல்ரோயும் எஞ்சின்காரன் அஹ்ஸனும் போயிருந்தார்கள். கரை இன்னும் கண்ணைவிட்டு மறையவில்லை, அதற்குள் இந்தக் கூத்து. மெல்ரோயின் நல்ல போன் உப்புத்தண்ணீர் குடித்துச் செத்தாயிற்று. கையில் இருந்தது ஏஜன்ட் கொடுத்த மடிக்கிற போன். அதில் மேப்பும் இல்லை, செக்கன் முள்ளும் இல்லை.

ஷெரோமிக்கு எதிரே கதிரை நுனியில் இருந்த ஸவாஹிர் நானா போன் பக்கம் குனிந்தார்.

"தம்பி, கோஸ்ட் கார்டுக்கு ஏஜன்ட் சொல்லிட்டார். ஆனா அவங்க வர நேரமெடுக்கும். உங்களுக்கு ஏதும் வெளிச்சம் தெரியுதா?"

"ஒண்டு தெரியுது நானா. வெள்ளை. எந்த முனை எண்டுதான் தெரியேல்ல."

அதுதான் சிக்கல். அந்தக் கரையில் இரண்டு வெளிச்சவீடுகள். ஒசுனே முனையில் இருப்பது பதினைந்து செக்கனுக்கு ஒரு தடவை மின்னி வெட்டும். அதைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் துறைமுகம். இப்பால் தகெபா முனையில் இருப்பது பத்து செக்கனுக்கு ஒரு தடவை. அங்கே வலப்பக்கம் திரும்பினால் பாறை.

"எண்ணிப் பாக்கிறன்" என்றான் மெல்ரோய்.

கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் போட்டில் வேலைசெய்த கொட்டாஞ்சேனைப் பொடியன்கள் கடலில் நேரம் பார்க்கும் விதமே தனி. ஒரு அருள் நிறைந்த மரியே, சாவகாசமாகச் சொன்னால், பதினைந்து செக்கன். மெல்ரோய் கைக்கடிகாரம் கட்டுவதே இல்லை.

போனில் அவன் குரல் செபத்தைத் தொடங்கியது. ஷெரோமியின் வாயும் தன்னாலே அசைந்தது. ஒவ்வொரு நாள் மாலையும் வீட்டில் செபமாலை சொல்லும் பழக்கம். முதல் பாதி அவன், மறுபாதி அவள்.

"சரியா ஒரு செபம், ஒரு வெட்டு" என்றான் மெல்ரோய். "ஒசுனேதான். திருப்பப்போறன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்தார் நானா. "திருப்புங்க தம்பி."

ஷெரோமி அசையவில்லை. அவளுடைய பங்கு இன்னும் வாயிலேயே இருந்தது. அவன் முடித்துவிட்டான், அவள் மறுபாதியை இப்போதுதான் தொடங்கியிருந்தாள்.

சோறு ஆறிப்போகுமளவுக்கு இழுத்து இழுத்துச் செபம் சொல்லுகிற மனுசன் இவன். ஆனால் வேளாங்கண்ணிக்குப் போன பயணத்தில், விமானம் குலுங்கியபோது, பக்கத்தில் இருந்தவர் பெல்ட்டைப் பூட்டுமுன் பாதிச் செபமாலையை முடித்தவனும் இவன்தான்.

"நில்லுங்க மெல்ரோய். திருப்பாதீங்க. நீங்க ஓடுறீங்க."

"என்ன?"

"பயத்தில செபத்தை விழுங்கிட்டீங்க. வெளிச்சம் வெட்டேக்க 'ஆ' எண்டு மட்டும் சொல்லுங்க. நான் மணிக்கூட்டைப் பாக்கிறன்."

"தங்கச்சி, படகு கரைக்குப் போகுது" என்றார் நானா. "இப்ப பரீட்சை வைக்கிற நேரமா?"

"உங்கட படகு நானா. என்ர புருசன்."

நானா போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பக்கம் மெல்ரோயின் போன் 'பீப்' என்று முனகியது, சார்ஜ் முடியப்போகிறது. சுவரில் மாதா படத்துக்குக் கீழே மணிக்கூடு. ஷெரோமி அதன் சிவப்பு முள்ளையே பார்த்தாள்.

"ஆ."

முள் நகர்ந்தது. அவள் உதடுகள் முணுமுணுத்தன.

"ஆ."

பத்து.

"தகெபா" என்றாள். "மெல்ரோய், அது தகெபா. நேரே போங்க, அடுத்த வெளிச்சம் வரைக்கும் நேரே. கேக்குதா?"

பதில் இல்லை. போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். லைன் அறுந்திருந்தது.

எப்போது அறுந்தது? அவள் சொல்லுமுன்னா, சொன்ன பிறகா? 'நேரே போங்க' அவன் காதில் விழுந்ததா, இல்லை நானா சொன்னபடி திருப்பிவிட்டானா?

கோயில் மணி அடித்தது. சற்றுப் பொறுத்துப் பள்ளிவாசல் பாங்கு. நானா ஒரு மூலையில் துண்டை விரித்துத் தொழுதார். ஷெரோமி மாதாவின் முன்னே முழங்காலில் நின்றாள், செபம் வரவில்லை. கண் முள்ளிலேயே இருந்தது.

வெளியே தெருவிளக்குகள் எரிந்தபிறகுதான் போன் அடித்தது. நீளமான, தெரியாத நம்பர்.

"நாங்கள் துறைமுகத்துக்குள்ள" என்றான் மெல்ரோய். "ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி தந்திருக்கிறாங்க. சீனியே இல்ல."

ஷெரோமி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் நேரே போங்க எண்டு சொன்னது கேட்டதா?"

"இல்ல. அதுக்கு முன்னமே போன் செத்திட்டுது."

"அப்ப எப்படி?"

"நான் 'ஆ' சொன்ன பிறகு நீ வாய்க்குள்ள செபம் சொன்னாய். நம்மட வீட்டு வேகத்தில. நீ அரைவாசி தாண்டேக்கயே அடுத்த வெட்டு வந்திட்டுது. பிறகென்ன, திருப்பேல்ல."

தான் செபம் சொன்னதே ஷெரோமிக்கு அப்போதுதான் தெரிந்தது.

நானா மெல்லத் தொண்டையைச் செருமினார். "படகு எப்படித் தம்பி?"

"படகுக்கு ஒண்டுமில்ல நானா. நான் வந்தவுடன எனக்கொரு கைமணிக்கூடு வாங்கித் தாங்க."