ஓடி வருகிறவன்

கதவுகள் திறக்கின்றன, ஒன்று, அதை அடுத்து ஒன்று, எதிர்வரிசையில் இன்னொன்று, விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சத்தில் அவன் ஓட ஓடத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் அவனுக்கு முன்னால் போகிறது, பெண்கள் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள், ஒருத்தி கையில் மாவு, ஒருத்தி கையில் பாதி விளக்கிய சட்டி, யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்க்கிறார்கள், எந்த வாசலில் நிற்கப் போகிறது என்று, அது என்றோ முடிந்துபோன காலைப்பொழுது, இருந்தாலும் கண்ணை மூடினால் அவன் இன்னும் அந்தத் தெருவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறான், ஆரஞ்சு நிறச் சப்பாத்து போட்டுக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்தாய் என்று காதில் மாட்டிய இயர்போனுக்குள் யாரோ ஒரு பெண் சொல்லச் சொல்ல.

கிடங்குக்காரர்கள் தெருவில் யாரும் ஓடுவதில்லை. கிடங்கு என்றால் மலையைக் குடைந்து கல் எடுக்கிற பள்ளம், மேலே நின்று பார்த்தால் கீழே இருக்கிற ஆள் எறும்பு மாதிரித் தெரிவான், வெடிக்கு மருந்து திணிக்கிற நாளில் போனையெல்லாம் வாங்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், அதனால் பாறை சரிந்தால் ஒருத்தன் ஓடித்தான் வரவேண்டும், ஓடி வருகிறவன் வழியில் யாரிடமும் பேர் சொல்லக் கூடாது, நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போய் நிற்க வேண்டும், வீட்டுக்காரி வந்து யாரு என்று கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, அவளாகக் கேட்டு வாங்க வேண்டிய பேர் அது, யார் வகுத்தது என்று தெரியாது, அப்படித்தான் நடந்துவந்தது. ஆகவே காலடி கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும், கால் தன் வீட்டைத் தாண்டிப் போனதும் ஒவ்வொருத்திக்கும் மூச்சு வரும், வந்த கையோடு அதற்காக ஒரு கூச்சமும் வரும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கால் நின்ற வீட்டுக்கு ஓடுவார்கள், அம்மாவும் அப்படி நின்றிருக்கிறாள், அவள் விரல்கள் சின்னப் பையனான அவன் மணிக்கட்டை எலும்பு நோக இறுக்கியதும், கால் தாண்டியதும் தளர்ந்ததும் இன்றைக்கும் அவன் கையில் இருக்கிறது.

இது தெரிந்தவன்தான் ஓடினான், அதுதான் விஷயம், வெளியூர்க்காரன் இல்லை, அந்தத் தெருவில் பிறந்தவன், அப்பா கிடங்குக்கு இடுப்பைக் கொடுத்துவிட்டு அவனைப் படிக்க வைத்தார், சென்னைக்குப் போனான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை விழுந்தது, ஆபீஸில் ஒரு கூட்டம் மாரத்தான் ஓடப் பேர் கொடுத்தது, அவனும் கொடுத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்குப் பல மாதம் பழக வேண்டும், அந்தச் சமயம் பார்த்து வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டதால் ஊருக்கு வந்தான், மறுநாள் விடியலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மறந்துவிட்டான் என்று சொல்லலாம், முதல் கதவு திறந்தபோது அவன் நினைத்தது, நம்மைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று, அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது, நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கூட ஓடினான். கடைசி வீட்டோடு தெரு முடிகிறது, அங்கே நின்று முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான், நிமிர்ந்தால் சீனியம்மா அக்கா, கை முழுக்க இட்லி மாவு, உதடு வெளுத்துப்போய், யாரு என்றாள், சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அவளுடைய வீட்டுக்காரர் இருளப்பன் அப்போதுதான் கிடங்குக்குப் போயிருந்தார். இல்லக்கா, யாருமில்ல, நான் சும்மா ஓடுறேன். அவள் சும்மாவா என்று கேட்டாள், அந்தச் சொல்லை முதல்முதலாகக் கேட்கிறவள் மாதிரி, பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்குப்பா, சும்மாதானாம்டி, என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள், தெரு சிரித்தது.

அன்றைக்கே அம்மா சொன்னாள், ஏண்டா, நோகாமச் சம்பாதிக்கிறவன் ஒடம்ப நோக வைக்கிறதுக்குன்னு ஓடுறியாக்கும், ஓடுறதுன்னா கம்மாக்கரையில ஓடு, இங்கிட்டு வேணாம். அப்பா கட்டிலில் கிடந்தபடி, தெம்பு மிச்சம் கெடக்குல்ல, ஓடித் தீக்கட்டும் விடு, என்றார், அதில் இருந்தது கேலியா பொறாமையா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. கண்மாய்க்கரை மேடும் பள்ளமும், கருவேல முள், முழங்கால் போய்விடும் என்றான், மெயின் ரோட்டில் டிப்பர் லாரி, தெருவில் மட்டும்தான் நல்ல தார். முழங்கால் போய்விடும் என்று, யாரிடம், இடுப்புப் போனவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. ஓடினான், மறுநாளும் கதவுகள் திறந்தன, அதற்கு மறுநாளும், பிறகு திறந்த கதவில் முகம் மட்டும் எட்டிப் பார்த்தது, ஏய் கம்ப்யூட்டரு, மெதுவா, தெரு தேஞ்சுரும், என்று உள்ளிருந்தே குரல் வந்தது, பிறகு குரலும் இல்லை, ஒரு காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு கதவும் திறக்காமல் ஓடி முடித்தான், தெரு பழகிவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. சீனியம்மா அக்கா மட்டும் வாசல் ஓரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கத் தொடங்கினாள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை பார்ப்பாள், எமதூதா, தண்ணி இருக்கு, குடிச்சுட்டுப் போ என்பாள், இருளப்பன் மச்சான் வீட்டிலிருக்கிற நாளில், மாப்ள, கிடங்குல எறங்கி ரெண்டு நட கல்லத் தூக்கிட்டு ஓடு, நாட்டுக்கு ஆகும், என்பார், மூன்று பேரும் சிரிப்பார்கள், அந்தச் செம்புத் தண்ணீருக்கு லேசான புகை வாசம்.

ஓட்டத்துக்குப் பழகுகிறவன் வாரத்தில் ஒரு நாள் ஓடாமல் இருக்க வேண்டும், கால் ஆற வேண்டும், அன்றைக்கு அந்த நாள், காலைச் சுவரில் தூக்கிச் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கிறான், அரைத் தூக்கத்தில் தெருவில் கால் சத்தம் கேட்கிறது, யாரோ ஓடுகிறார்கள், கனவில் அது அவன்தான், எவ்வளவு லேசாக ஓடுகிறோம் என்று கனவுக்குள் பெருமைப்படுகிறான், ஒரு கதவும் திறக்கவில்லை, சத்தம் வாசலைத் தாண்டிப் போகிறது, தெருக் கோடியில் நிற்கிறது, இனி திரும்பும், அவன் எப்போதும் திரும்புவான், திரும்பவில்லை. அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் அது அவன் காலடிதான், அது அவன் இல்லை என்று தெரியக்கூடிய ஒரே ஆள் அவன், அவன் கால் ஆற்றிக்கொண்டு படுத்திருந்தான், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தெரிய வேண்டாம் என்றும் இருக்கிறது. எழுந்து போனபோது தெருக் கோடியில் தவசி நின்றான், இருளப்பனோடு வெடிக்குழி போடுகிறவன், தலை முதல் கால் வரைக்கும் கல்மாவு அப்பி வெள்ளையாக, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட, மூடின கதவுக்கு முன்னால், வாய் திறக்காமல், காலடியில் செம்புத் தண்ணீர் தொடாமல் இருந்தது, உள்ளே மிக்சி ஓடியது, மிக்சி நின்றதும் சீனியம்மா அக்காவின் குரல், வச்சிருக்கேன்ல, குடிச்சுட்டுப் போப்பா, இன்னைக்கு என்ன மூச்சு ரொம்ப வாங்குது. தவசி அவனைத் திரும்பிப் பார்த்தான், அந்தக் கண்ணை என்ன செய்வது. அக்கா என்று அவன்தான் கத்தினான், கதவு திறந்தது, அவள் முதலில் அவனைத்தான் பார்த்தாள், சிரித்தாள், என்ன இன்னைக்குத் தொணைக்கு ஆள் கூட்டியாந்துட்ட, என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த வெள்ளை முகத்தைப் பார்த்தாள், கை நெஞ்சுக்குப் போனது, யாரு என்றாள்.

பின்னால் சொன்னார்கள், மருந்து திணிக்கையில் பாறை சரிந்ததாம், கிடங்கு வாசலில் டிப்பரை என்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்களாம், இருளப்பன் பேச்சோடுதான் இருந்தாராம், அவ வரட்டும் அவ வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம், டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தானாம், இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று கிளம்பினார்களாம், அவள் தலைவிரி கோலமாக ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சாலையில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரி போகிற பாதி வழியில் அவர் போய்விட்டார், சீக்கிரம் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று எல்லாரும் அவனிடம் சொன்னார்கள், அவன் கேட்காமலே சொன்னார்கள், கேட்காமல் ஏன் சொன்னார்கள். கேதத்துக்குப் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தான், காலில் சப்பாத்து அடையாளம் மட்டும் தோல் வெளுத்துத் தெரிந்தது, வேட்டியை இழுத்து மூடினான், உள்ளேயிருந்து சீனியம்மா அக்கா கூப்பிட்டாள், தம்பி, இங்க வா, பந்தலில் இருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள், அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்று போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீயின்னு நெனச்சுட்டேன்ப்பா, என்றாள், அவ்வளவுதான், ஏதோ அவள்தான் அவனுக்குத் தப்புச் செய்துவிட்ட மாதிரி.

அந்தத் தெருவில் இருக்க முடியாமல்தான் சென்னைக்கு வந்தான், ஓடுவதற்காக இல்லை, ஆனால் பேர் கொடுத்த நாள் வந்தபோது போய் நின்றுவிட்டான், இதோ கடற்கரைச் சாலை, அதே சாம்பல் வெளிச்சம், ஆயிரக்கணக்கான கால்கள், மேளம் அடிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள், ஆரஞ்சுப் பழத்தை உரித்து நீட்டுகிறார்கள், கமான் பிரதர் என்கிறார்கள், யாருக்கும் எதுவும் நடக்காமல் இவ்வளவு பேர் ஓடுகிறோம், சாலை கடற்கரையை விட்டு வீடுகளுக்குள் திரும்புகிறது, எல்லா வீடும் சாத்திக் கிடக்கிறது, காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, அப்போது முதல் மாடியில் ஒரு கதவு திறக்கிறது. ஒரு பெண் வெளியே வருகிறாள், தூக்கம் கலையாத முகம், கை ஈரமாக இருக்கிறது, நைட்டியில் துடைத்துக்கொண்டே கீழே பார்க்கிறாள், அவன் கால் தானாக ஓட்டத்தை விட்டு நடைக்கு வருகிறது, பின்னால் வந்தவன் முதுகில் இடிக்கிறான், பாஸ், நடக்குறதுன்னா ஓரமாப் போங்க, ஓரமாகப் போகிறான், கையைத் தொங்கவிட்டு, மூச்சை வாய்க்குள் அடக்கி, கடைக்குப் போகிறவன் மாதிரி நடக்கிறான், ஒன்றுமில்லைம்மா, உள்ளே போங்க, யாருமில்லை, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே. அவள் அவனைத்தான் பார்க்கிறாள், இத்தனை பேர் ஓடும்போது ஒருத்தன் மட்டும் ஏன் நடக்கிறான் என்று இருக்கும், குனிந்து, என்னாச்சுங்க, என்று கேட்கிறாள். எல்லாரும் அவனைத் தாண்டிப் போகிறார்கள். அவள் உள்ளே போய்விட்டால் மறுபடி ஓடலாம், அந்தக் கதவு ஒன்று சாத்த வேண்டும், அது திறந்தே இருக்கிறது, அவன் நடக்கிறான்.