இரைச்சல் நின்ற பேஸ் கிட்டார்

அந்தக் கடைத்தெருவில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப், மைக், ரேடியோ என்று எது ஊமையானாலும் அக்காவின் மேஜைக்குத்தான் வந்து சேரும். அவள் கையில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன், வாயில் கேலி. இரண்டுமே சுடும். அயர்னையாவது வேலை முடிந்தால் அணைத்துவிடுவாள்.

தம்பி தன் பேஸ் கிட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். மாமனார் நடத்தும் பாட்டுக் குழுவில் அந்த நாலு கம்பிக் கிட்டாரை வாசிப்பவன் அவன்தான். கூடவே பின்பாட்டும் பாடுவான்.

"அக்கா, கொர்ருன்னு ஒரே இரைச்சல். பாட்டு நடுவுல யாரோ குறட்டை விடுற மாதிரி இருக்கு."

"உன் மாமனார் பாடினா குறட்டை விடாம என்னடா பண்ணுவாங்க?"

தம்பி பாதிச் சிரிப்பு சிரித்தான். பெண் கொடுத்தவரை அக்கா வாரும்போதெல்லாம் அவன் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்துவிடும்.

கிட்டாரைக் கடை ஆம்ப்பில் மாட்டினாள். இரைந்தது. கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்தாள். அப்போதும் இரைந்தது. ஒயர் செருகும் ஜாக்கின் இரும்பைத் தொட்டதும் பட்டென்று அடங்கிவிட்டது.

"கம்பியத் தொட்டாலே அடங்கணும். கம்பிக்கு வர்ற எர்த் ஒயர் அறுந்திருக்கு."

பின்மூடியின் திருகுகளைக் கழற்றினாள். வால்யூம் திருகியின் முதுகிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மரத் துளைக்குள் நுழைந்து, கம்பிகளைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் போகும். நகத்தால் லேசாக இழுத்தாள். நுனியில் பச்சைக் களிம்போடு கையோடு வந்துவிட்டது. புது ஒயரை நுழைத்தாள், நுனியை உரித்துப் பட்டைக்கு அடியில் விரித்து இறுக்கினாள். மறுமுனையில் வைத்த ஈயம் மங்கலாக ஆறியது அவளுக்குப் பிடிக்கவில்லை. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்த முறை பளபளவென்று உட்கார்ந்தது.

"இரைச்சலுக்காக ஆம்ப்ல ஏதாவது நோண்டினீங்களா? உன் மாமனார் எதையும் சும்மா விடமாட்டாரே. அவர் கை பட்டா நல்ல மிஷினும் நாண்டுக்கிட்டுச் சாகும்."

தம்பி பொத்தானைத் திருகினான்.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணலக்கா."

மூடியைப் போட்டு மாட்டினாள். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. தம்பி ஒரு கட்டைச் சுரத்தைத் தட்டினான், மேஜைமேல் இருந்த திருகுகள் குதித்தன. குழந்தைபோல் சந்தோஷப்பட்டுக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் மதியம் மாமனாரே கடைக்கு வந்தார். எதிர்ச் சாரி மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"மைக்குக்குப் போடுற பஞ்சு உறை இருந்தா ஒண்ணு குடும்மா. உன் தம்பி காலைலேர்ந்து மைக் உதட்டக் கடிக்குதுன்னு முனகுறான்."

"இதுக்கு முன்னாடி கடிச்சிருக்கா?"

"இல்லியே. நீ கிட்டார சரி பண்ணதுலேர்ந்துதான்."

அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஆம்ப் பிளக்கு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன? இரைச்சலுக்கு அந்த மூணாவது காலுதான் காரணம்னு ஒருத்தன் சொன்னான். குறட்டால நானே ஒடச்சு எடுத்துட்டேன். பெரிய கம்பசூத்திரமா அது? ஆனா இரைச்சல் நிக்கல."

அக்காவுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அது கிழட்டு ஆம்ப், உள்ளே எங்கோ மின்சாரம் கசிந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது கால் இருந்தவரை அது மண்ணுக்குப் போயிற்று. கால் உடைந்தபின் போக வழியில்லாமல் ஆம்ப்பின் உடம்பிலேயே நின்றது. கிட்டாரின் ஒயர் அறுந்திருந்ததால் மட்டும் அது தம்பியின் விரலுக்கு வரவில்லை. நேற்று அந்த வழியை ஈயம் வைத்துத் திறந்துவிட்டது அவள் கை. ஆம்ப் சூடாகச் சூடாகக் கசிவும் ஏறும். மைக்கின் இரும்புக்கு மண்ணோடு தொடர்பு உண்டு; விரல் கம்பியில் இருக்க உதடு மைக்கில் பட்டால் போதும், மின்சாரம் அவன் உடம்பு வழியாகவே பாயும்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று தெருவிலேயே கிடந்தது.

மண்டபத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மைக்கில் வாயை வைத்தபடி விறைத்து நின்றான். கண் மேலே செருகியிருந்தது. டிரம்ஸ்காரன் குச்சியால் தாளம் தட்டிக்கொண்டே, "போதும்டா, ரொம்ப நடிக்காத!" என்றான்.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

அக்கா சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். கிட்டாரோடு தம்பி சாய்ந்தான், மரம் தரையில் மோதிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் நெஞ்சில் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவன் மூச்சு இழுத்தபோதுதான் அவளுக்கும் மூச்சு வந்தது.

உயிர் தங்கியது. இடக்கையில் இரண்டு விரல்கள் கம்பி பட்ட இடத்தில் உள்ளே எலும்புவரை வெந்திருந்தன. எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருத்துவமனைக் கட்டிலில் தம்பி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டப்பவே ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ மாமாவ வருஷம் பூராவும் ஓட்டுவ. என் பொண்டாட்டி காதுக்குப் போகும். போனாப் போகுது, ஒரு பிளக்குதானேன்னு விட்டுட்டேன்."

அவள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள்.

"கிட்டார் என்னாச்சுக்கா?"

"கடைல இருக்கு."

"இரையுதா?"

"இல்லடா. சுத்தமா இருக்கு."

அவன் தலையாட்டினான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே நீள பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மாமனார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஒரே நாளில் ஆள் பாதியாகியிருந்தார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. அவள் வாயிலிருந்து என்ன வருமோ என்று காத்திருப்பவர்போல அவள் முகத்தையே பார்த்தார்.

அக்கா பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.