இல்லாத போனுக்கு எட்டரை மதிப்பெண்

வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடம்தான் கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று பல் மருத்துவர்களுக்கு எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்களோ தெரியவில்லை. அன்று காலை பத்தேகால் மணிக்கு, புது போன்களைப் பற்றி இணையத்தில் எழுதும் பேட்டரி அக்கா அந்தச் சாய்வு நாற்காலியில் அப்படித்தான் கிடந்தாள். கடைவாய்ப் பல் பாதி குடையப்பட்டிருந்தது. இடது கன்னம் மரத்துப்போய், தன்னுடையதா பக்கத்து வீட்டுக்காரியுடையதா என்று தெரியாத நிலைமை.

மருந்து ஊறட்டும் என்று டாக்டர் தன் போனை எடுத்துப் புரட்டினார்.

"இப்பத்தான் போட்டிருக்கீங்க போல, அந்தப் புது மடக்கு போன் பத்தி. எட்டரை மார்க் குடுத்திருக்கீங்க. வாங்கலாமா?"

"ஆ," என்றாள்.

"ரெண்டு வாரம் கைப்பைல போட்டுத் திரிஞ்சேன், வெயில்லகூட சூடாகலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சுது."

"ஆ," என்றாள் மறுபடியும். இந்த ஆவுக்கும் முந்திய ஆவுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. டாக்டர் கவனிக்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த அவளுடைய கைப்பை குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த அவளது போனுக்கு யார் யாரோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மடக்கு போன் மட்டும் பைக்குள் இல்லை. அன்றும் இல்லை, அதற்கு முந்திய இரண்டு வாரத்திலும் இல்லை. அவள் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

இந்தத் தொழிலின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளை ஒரேயடியாகப் பொய்க்காரி என்று முடிவுகட்டிவிடுவீர்கள். அவள் பாவம், பன்னிரண்டு தவணையில்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

போன் கம்பெனிக்காரர்கள் ஒரு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நேரம் வரும்வரை செய்தி எழுதுகிறவர்கள் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. நேரம் வந்ததும் எல்லோரும் ஒன்றாகத் திறக்கவேண்டும். முதலில் திறக்கிறவன் தேடல் பக்கத்தின் உச்சியில் உட்காருவான். ஐந்து நிமிடம் தாமதித்தவன் எழுதுவதை அவன் மனைவி படிப்பாள், அதுவும் வற்புறுத்தினால். போனின் எடை, அகலம், பேட்டரி அளவெல்லாம் அடங்கிய தாள் முன்கூட்டியே வந்துவிடும். போன்தான் ஆடி அசைந்து, குறித்த நாளுக்கு முந்தின நாளோ இரண்டு நாள் கழித்தோ வரும்.

ஆகவே அவள் வேலை பார்த்த செய்தித்தளத்தின் அலுவலகத்தில் ஓர் அச்சு வைத்திருந்தார்கள். 'இரண்டு வாரம் பயன்படுத்தினேன்', 'கைக்கு அடக்கம்', 'வெயிலிலும் சூடாகவில்லை' எல்லாம் அதில் தயாராக இருக்கும். தாளைப் பார்த்து எண்களை நிரப்பி, பத்து மணிக்குத் தானாக வெளியாகும்படி வைத்துவிட்டால் இரண்டு வார அனுபவம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். புகைப்படமும் அப்படித்தான். அவள் ஓர் அட்டையைப் பிடித்திருப்பதுபோல மூன்று வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு படம் எடுத்தார்கள். எந்த போன் வந்தாலும் அலுவலகப் படக்காரர் அதை அந்த அட்டையின்மேல் ஒட்டிவிடுவார். வெயிலோ மழையோ, அந்தக் கை மட்டும் அதே நகப்பூச்சோடு, சுண்டுவிரலில் அதே இடத்தில் பெயர்ந்துபோய், புதுப்புது போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். போன் தன் கைக்கு வந்தால்தான் கட்டுரை போகவேண்டும். அதற்காகவே வெளியிடும் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் அவள் குறி போட்டால்தான் பூட்டுத் திறக்கும். போன் வராமலே முதல் தடவை குறி போட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் தடவை பாதி இறங்கியது. பதினோராம் தடவை மென்றுகொண்டே குறி போட்டாள். பன்னிரண்டாவதுதான் இந்த மடக்கு போன். பல் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் எப்படியும் வந்துவிடும் என்று குறி போட்டுவிட்டு டாக்டரிடம் வந்திருந்தாள்.

பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. சோதனையில் பேட்டரி தலையணைபோல உப்பிவிட்டதாம். போன் இனி வராது. ஒன்றுகூடத் தொழிற்சாலையைவிட்டு வெளியே போகவில்லை.

மருத்துவமனைப் படியில் நின்று போனை எடுத்தவளுக்கு நாற்பத்து மூன்று செய்திகள் காத்திருந்தன. கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் வரிசை கட்டியிருந்தார்கள். 'அக்கா, பிறக்காத பிள்ளையை நீங்க மட்டும் எப்படி ரெண்டு வாரம் தூக்கி வளத்தீங்க?' என்று ஒருவர். 'அந்தச் சுண்டுவிரல் நகம் எப்பதான் வளரும்?' என்று இன்னொருவர். திட்டியவர்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 'ஏதோ தப்பு நடந்திருக்கு, நம்ம அக்கா அப்படிச் செய்யமாட்டாங்க' என்று எழுதியிருந்தார் ஒரு லாரி ஓட்டுநர். பத்து வருடமாகப் படிக்கிறவர். அதைப் படித்ததும் மரத்துப்போன கன்னம்கூட வலித்தது.

அப்போது நாத்தனார் கூப்பிட்டாள். கணவனின் தங்கை. பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். பிரேக் போடாமல் பேசுவாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"பல்லு..."

"பல்லு போனாப் போகுது. பேரு போயிட்டு இருக்கு, பாத்தீங்களா? நாலு நாள் முன்னாடி வந்தப்ப உங்க கைப்பைல பேனா தேடினேனே, ஒரு சீப்பும் ஒரு பழைய ரசீதும்தானே இருந்துது. போன் எங்க ஒளிஞ்சுட்டு இருந்துது?"

நாத்தனாரின் குரல் ஒரு கியர் இறங்கியது.

"ஒண்ணு கேக்குறேன். என் நீல போன், போன வருஷம் நீங்க எழுதினதப் படிச்சுத்தான் வாங்கினேன். ரெண்டு நாள் நிக்கும்னு எழுதியிருந்தீங்க. மத்தியானம் மூணு மணிக்கே கண்ண மூடிடுது. கத்துக்க வர்றவங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு வேற ஆள்கிட்ட போயிடுறாங்க. நான்தான் சார்ஜ் போடத் தெரியாம போடுறேன் போலன்னு உங்ககிட்ட கேக்கவே வெக்கப்பட்டுட்டு இருந்தேன். அதையாவது தொட்டுப் பாத்தீங்களா?"

பதினொன்றில் அது ஐந்தாவது.

"வாய் மரத்துப் போயிருக்கு. அப்புறம் பேசுறேன்," என்றாள். உண்மைதான். அன்று காலையிலிருந்து அவள் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருந்தும் அவளுக்கே அது பொய்யாகக் கேட்டது.

அலுவலகத்தில் துக்கவீடு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனாள். கல்யாண வீடாக இருந்தது. முதலாளிக்கு முதுகுக்குப் பின்னால் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் மீட்டர். இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும் பெரிய திரையை எதிர்ச்சுவரில் மாட்டி, அதைப் பார்த்துத்தான் சிரிப்பார், அதைப் பார்த்தால்தான் அவருக்குப் பசிக்கும். எதிரில் இருப்பவருடைய முகம் அவருக்கு இடைஞ்சல்.

"அக்கா, வாங்க வாங்க. நம்ம சரித்திரத்துலயே இல்லாத கூட்டம்."

"சார், அந்தக் கட்டுரைய எடுத்துடுங்க."

"குழந்தை இப்பத்தான் எழுந்து ஓடுது, கால ஒடைக்கச் சொல்றீங்களே."

"எல்லாரும் திட்டத்தான் சார் வர்றாங்க."

"திட்ட வர்றவங்கதான்க்கா கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்க. பாராட்ட வர்றவங்க தலைப்பப் பாத்துட்டுப் போயிடுறாங்க." திரையைப் பார்த்தபடியே நாற்காலியை இழுத்துப் போட்டார். "கேளுங்க. அந்த போன் உலகத்துல யார் கைக்கும் வரல. நம்மகிட்ட மட்டும் ரகசியமா குடுத்தாங்க. நேத்து உங்க கைல இருக்கும்போதே உப்பிடுச்சு. நீங்க சொல்லித்தான் நிறுத்தினாங்க. இதை ரெண்டு நிமிஷ வீடியோவா போடுறோம். கைல ஒரு சின்னக் கட்டு மட்டும் போட்டுக்கங்க."

"கம்பெனிக்காரங்க இல்லைன்னு சொன்னா?"

"சொல்லட்டும். அது சாயங்காலத்துச் செய்தி."

படக்காரர் ஏற்கெனவே கட்டுத்துணியோடு நின்றார். "எந்த விரல்லன்னு யோசிச்சுட்டேன்க்கா. போட்டோல இருக்கிறது உங்க இடது கை. அதனால கட்டு இடதுலதான் வரணும். வலதுல போட்டா ஜனங்க பொய்யின்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

உண்மைக்கு அந்த அலுவலகத்தில் மரியாதை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"வாய் கோணிக்கிட்டு இருக்கு. அரை மணி நேரம் குடுங்க," என்றாள்.

"கோணலாவே இருக்கட்டும், வலி மாதிரி தெரியும்," என்றார் மீட்டர். ஆனாலும் விளக்கு போட நேரம் வேண்டியிருந்ததால் விட்டுவிட்டார்.

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பத்து வருடத்துக்கு முன்பு, இரவல் வாங்கிய போன்களைச் சமையலறை மேசையில் வைத்து, அவை அணைந்துபோகும்வரை கூடவே இருந்து, எத்தனை மணி நேரம் தாங்கின என்று எழுதினாள். வலைப்பூவுக்கு அவள் வைத்த பெயர் எவருக்கும் நினைவில் இல்லை. பேட்டரி அக்கா என்று வாசகர்கள்தான் கூப்பிட்டார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு மீட்டர் அந்த வலைப்பூவை வாங்கியபோது ஒப்பந்தத்தில் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டார். "பேரு இல்லாம வாங்கினா வெறும் சுவத்த வாங்கின மாதிரி," என்றார். அவள் எங்கே போனாலும் பேட்டரி அக்கா அங்கேயேதான் இருப்பாள்.

வீடியோவில் கட்டோடு உட்கார்ந்தால் பெயர் பிழைத்துக்கொள்ளும். லாரி ஓட்டுநர் நம்பிவிடுவார். நாத்தனார்கூட ஒருவேளை நம்பிவிடலாம். அதுதான் அவளுக்கு ஆகவில்லை. தன் பேட்டரி சாவதற்குத் தன் கைதான் காரணம் என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தவள், இதையும் நம்பித்தான் தொலைப்பாள்.

விசைப்பலகையை இழுத்தாள். 'அந்த மடக்கு போனை நான் தொட்டதில்லை' என்று தொடங்கினாள். 'கையில் இருப்பது அட்டை. இரண்டு வாரம் என்று எழுதியது நாற்பது நிமிடம். இதற்கு முன்பும் பதினொரு போன்களைத் தொடாமலே எழுதியிருக்கிறேன்.' பதினொன்றையும் பெயர் சொல்லி வரிசையாகப் போட்டாள். ஐந்தாவது வந்ததும் கை தயங்கியது. 'இதை வாங்கி, மத்தியானத்துக்குள் அணைந்துபோகிறது என்று உங்களையே நொந்துகொண்டிருந்தால், தப்பு உங்கள்மேல் இல்லை' என்று அதற்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதினாள். கட்டத்தில் குறி போட்டாள். கட்டுரை வெளியே போய்விட்டது.

மூன்று நிமிடத்தில் மீட்டர் அவள் மேசைக்கே வந்துவிட்டார். அவர் திரையைவிட்டு இவ்வளவு தூரம் வந்ததை யாரும் பார்த்ததில்லை.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? வாங்கின பேர நடுத்தெருவுல போட்டு ஒடச்சுட்டீங்களே. முதல்ல அத எடுங்க."

"எடுக்கமாட்டேன் சார்."

"அப்ப நானே..." என்று திரும்பியவர் சுவரைப் பார்த்துவிட்டார். எண்ணிக்கை காலைக் கூட்டத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மனுஷனுடைய முகத்தில் கோபமும் பக்தியும் ஒரே நேரத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அந்த அறை பார்த்தது. கடைசியில் பக்தி ஜெயித்தது.

"இருக்கட்டும்," என்றார் படக்காரரைப் பார்த்து. "தலைப்ப மட்டும் 'பேட்டரி அக்காவின் கண்ணீர் வாக்குமூலம்'னு மாத்து. படத்துல ரெண்டு சொட்டுக் கண்ணீர் வரையணும்."

"எந்தக் கண்ணுல சார்?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "நான் கிளம்புறேன் சார். நாளைலேர்ந்து வரல."

"தாராளமா போங்க. பேரு இங்க இருக்கும், நினைவிருக்குல்ல?"

"வச்சுக்கங்க. இனிமே அந்தப் பேர யாரும் நம்பமாட்டாங்க."

"நம்பச் சொல்லி யாரு அக்கா கேட்டா?" என்றார் மீட்டர், மனதாரப் புரியாமல். "வந்தாப் போதும்."

நாத்தனார் இரண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில், 'பழகுநர்' என்று பலகை மாட்டிய காரை வாசலில் நிறுத்திவிட்டு வந்தாள்.

"படிச்சேன். அஞ்சாவது என்னோடது."

"ஆமா."

"ஒரு வருஷமா என் கையத் திட்டிட்டு இருந்தேன் அண்ணி."

"அன்னிக்கு நீ போன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் மரத்துப்போச்சுன்னு தப்பிச்சுட்டேன். மன்னிச்சுடு."

"அத அப்புறம் பாக்கலாம். இப்ப எந்த போன் வாங்குறதுன்னு சொல்லுங்க."

"தெரியல," என்றாள். இந்த நான்கு வருடத்தில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. "கைல வாங்கிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"அப்படின்னா செருப்பப் போடுங்க."

கடையில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற விற்பனையாளர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "இத எடுங்க மேடம், யோசிக்கவே வேணாம். பேட்டரி அக்காவே இன்னிக்குக் காலைல எழுதியிருக்காங்க. ஒம்பது மார்க். மூணு வாரமா கைல வச்சிருந்தாங்களாம்."

நாத்தனார் வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே அவள் நாத்தனாரின் காலை மிதித்தாள்.

"அவங்க தொட்டுப் பாத்தாங்களா?" என்று கேட்டாள் பழைய பேட்டரி அக்கா.

"என்ன மேடம், தொடாம எழுதுவாங்களா? ஏதோ அழுதாங்களாம், அதெல்லாம் சரியாகிடுச்சாம்."

"பெட்டியக் கொஞ்சம் பிரிங்க. ஒரு நாள் பூரா ஓடவிட்டுப் பாக்கணும்."

"அய்யோ, பிரிச்சா வாங்கியாகணும். பிரிச்சுப் பாக்குற வேலையே வேணாம்னுதானே அக்கா இருக்காங்க."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். விற்பனையாளர் தானும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

"வாங்க அண்ணி," என்றாள் நாத்தனார், அவள் கையைப் பிடித்து இழுத்தபடி. "பெட்டியப் பிரிக்கிற கடை எங்கயாவது இருக்கும்."