பதினான்கு டேப்லெட்டுகளின் குரல்

கொரியாவின் பூசான் துறைமுகத்தைப் பார்த்தாற்போல் நின்ற மருத்துவமனையின் நான்காம் மாடியில், பக்கவாதத்தில் பேச்சு போன பதினான்கு பேர் மூன்று மாதமாக டேப்லெட்டில் ஒரு செயலியை வைத்துப் பேசிப் பழகிவந்தார்கள். அதை எழுதிய சின்ன நிறுவனத்தில் சேஉன் மூத்த நிரலாளர். அன்று காலை புதிய பதிப்பை ஏற்ற வந்திருந்தாள். முதல் நாள் குரலையும் இன்றைய குரலையும் அடுத்தடுத்துக் கேட்கும் வசதி அதில்தான் இருந்தது.

முதல் டேப்லெட்டே முரண்டு பிடித்தது. 'கையொப்பம் பொருந்தவில்லை' என்றது. அடுத்ததும் அப்படியே.

செயலி யாருடையது என்று காட்டும் மின்கையொப்பத்தை முதலில் எந்த ரகசியச் சாவியால் போட்டார்களோ, அதே சாவியால் போட்டால்தான் புதிய பதிப்பு பழையதன் மேல் ஏறும். பழையதில் இருந்தது, அதைக் கட்டிய கிசோக்கின் மடிக்கணினி தானாகச் செய்துகொண்ட சோதனைச் சாவி. கிசோக் வேலையை விட்டதும் அந்தக் கணினியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்; சாவியும் அதோடு போயிற்று. பழைய செயலியை நீக்கலாம்தான்; கூடவே மூன்று மாதக் குரல்களும் போய்விடும்.

"பத்து மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க" என்று செவிலி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

வேறு வழியில்லாமல் கிசோக்கை அழைத்தாள். அவன் எழுதியதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் குப்பை என்று சொன்னவள் அவள்தான். அந்த மாதமே அவன் போய்விட்டான்.

"என்னக்கா, குப்பையைக் கிளற வேற ஆள் கிடைக்கலையா?"

"அன்னைக்கு நான் பேசினது தப்புடா. மனசுல வெச்சுக்காதே." நடந்ததைச் சொன்னாள்.

"அது சோதனைப் பதிப்புதானே?" என்றான்.

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அழறீங்க? சோதனைப் பதிப்பு நமக்குக் கதவைத் திறந்துதான் வெச்சிருக்கும். கேபிளைச் சொருகி உள்ள இருக்கிற குரலை எல்லாம் வெளிய எடுங்க. பழசை நீக்கிட்டுப் புதுசை ஏத்துங்க. திரும்ப உள்ள வைங்க. ஆப் கடைக்குப் போன பதிப்பா இருந்திருந்தா உள்ள கை வைக்கவே விடாது, செத்தீங்க."

சேஉன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இருங்க, முதல்ல புதுசா ஒரு சோதனைச் சாவி செஞ்சு அதால கையொப்பம் போடுங்க. டீமுக்கே ஒண்ணு. எல்லாரும் எடுக்கிற கோப்புறையில போட்டு வைங்க."

"கடைக்கான சாவி?"

"அது பக்கத்துலயே போகாதீங்க. பூட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

ஒரே ஒரு கட்டளையில் சாவி பிறந்தது. செயலியை மறுபடி கட்டிக் கையொப்பமிட்டாள். பிறகு ஒவ்வொரு டேப்லெட்டிலும் குரல்களை வெளியே எடுத்தாள், பழையதை நீக்கினாள், புதியதை ஏற்றினாள், குரல்களைத் திரும்ப வைத்தாள். கிசோக் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஒவ்வொன்று முடியும்போதும் "அடுத்தது" என்றான். கடைசி டேப்லெட் முடிந்தபோது மணி பத்தே கால்.

படகோட்டி கூக் முதலில் வந்து உட்கார்ந்தார். சேஉன் பொத்தானை அழுத்தினாள். முதல் நாள் குரல் வெறும் முனகலாக வந்தது. அடுத்து நேற்றைய குரல்: "யோங்... ஜா." அவர் மனைவியின் பெயர்.

கூக் வாயைப் பிளந்தபடி டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு சேஉனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்... னொரு... தடவை."

மேசைமேல் கிடந்த தொலைபேசியிலிருந்து கிசோக்கின் குரல் வந்தது. "போடுங்கக்கா. நானும் கேக்கறேன்."