அடுப்பு எரியும் நாடு

"கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க மெக்கானிக் சார்—"

"யாரு சாரு? நான் உன் புருஷன்—"

"இந்தக் கூடத்துல இல்ல."

"அப்போ சமையக்கட்டுல?"

"அங்க இருந்து தொலைக்கிறீங்களே, அதுதானே என் தலைவலி!"

தையல்காரி ஊசியில் நூல் கோத்தபடியே பேசினாள். அந்த வீட்டுக்குள் இரண்டு நாடுகள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தரையில் ஓடும் வெள்ளைக் கோடுதான் எல்லை. கூடத்து நாட்டின் நீதிமன்றம் அவளுக்கு விவாகரத்து கொடுத்துவிட்டது. சமையலறை நாடு அதை ஏற்க மறுத்துவிட்டது. வீடு இருவர் பேரிலும் இருந்ததால் யாரும் வெளியேறவில்லை. ஆகவே கூடத்தில் அவர் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் யாரோ ஒருவர். கோட்டைத் தாண்டிச் சமையலறைக்குள் போனால் அவளுக்கு அவர் 'என்னங்க'. தட்டும் வைத்தாக வேண்டும்.

மனிதர் அடித்ததில்லை, குடித்ததில்லை. அவளைக் கேட்காமலே அவளுக்காக ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் 'சரி' சொல்லிவிடுவார், அவ்வளவுதான். அண்ணன் வீட்டுத் திரைச்சீலை, சிநேகிதர் பேத்தியின் கவுன் என்று அவள் கூலியில்லாமல் தைத்த துணியை விரித்தால் இரண்டு நாட்டையும் மூடலாம்.

இப்போது இரு அரசுகளுக்கும் திடீரென்று ஞானம் வந்து, கோணல் எல்லைகளை நேராக்கக் கிளம்பிவிட்டன. இனி ஒரு வீட்டுக்கு ஒரு நாடு. குடும்பம் எந்த அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறதோ, அந்த நாடு. இன்று மதியம் சர்வேயர் வருகிறார்.

"அடுப்பு என் பக்கம். பேசாம மறுபடி குடும்பம் நடத்து."

"இங்கயும் ஒண்ணு இருக்கு," என்று அவள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் புது கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். வெங்காயம் வதங்கத் தொடங்கியது.

அவர் விடுவாரா? வாழ்நாளில் முதல்முறையாகச் சோறு பொங்கப் போனார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை எல்லை தாண்டி வந்தது.

சர்வேயர் வந்து இரண்டு அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுல சமைச்சுச் சாப்பிடுறீங்கம்மா?"

"உள்ள இருக்கிற அடுப்புலதான் சார்," என்று சமையலறையிலிருந்து அவர் பதில் வந்தது. "அவளுக்கும் அதுதான் இஷ்டம்."

"பாத்தீங்களா? இதுக்குத்தான் கோர்ட்டுக்குப் போனேன்!"

"எனக்குக் கோர்ட்டு வேணாம்மா, தட்டு போதும்," என்று சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் எந்தப் பானையில சாப்பிடுறீங்களோ, அதுதான் கணக்கு."

அவள் கூடத்தில் இரண்டு தட்டு வைத்தாள். அவர் வராவிட்டால் பழைய அடுப்பே கணக்கு, ஆயுசுக்கும் 'என்னங்க'தான்.

சமையலறையில் அவர் பானையைச் சுரண்டி ஒரு வாய் போட்டார். மென்றார். தண்ணீர் குடித்தார். "சார், நீங்க கொஞ்சம் ருசி பாருங்களேன்."

"டியூட்டியில சாப்பிடக் கூடாதுங்க," என்றார் சர்வேயர், மூக்கைக் கூடத்துப் பக்கம் திருப்பியபடி.

இரண்டாவது வாய் தொண்டையில் நின்றது. அவர் எழுந்தார். கோட்டருகே கால் ஒரு நிமிஷம் தயங்கியது. அப்புறம் விறுவிறுவென்று வந்து, அவள் வைத்த தட்டின் முன் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டார்.

"கூடம்," என்று சர்வேயர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு, பழக்க தோஷத்தில், காலியான தட்டில் இன்னொரு கரண்டி சோறும் வைத்தாள். அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் தலைநிமிர்ந்தார்.

"ஆமா... நாளைக்குப் பசிச்சா, நான் எந்த உரிமையில வந்து உக்கார்றது?"