தேவிபட்டினத்தில் கேட்ட வரம்

என் வீட்டுக்காரர் சேதுபதி ஏழு தடவை மாநில டென்னிஸ் சாம்பியன். வயசு நாற்பத்தி நாலு ஆச்சு. போன வருசம் நெஞ்சுவலி வந்தப்பவே, இனிமே பந்தயத்துல இறங்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். இந்த மனுசன் காதுல வாங்குனாத்தானே! "இன்னும் ஒரே ஒரு கப்பு, மாரி"ன்னு ராமநாதபுரத்துல நடந்த பைனல் வரைக்கும் வந்துட்டார்.

தோத்துருவாரோங்கிற பயம் எனக்கு இல்லை. ஜெயிச்சாத்தான் பயம். ஜெயிச்சா அடுத்த வருசமும் ஆடுவார். அதனால அன்னைக்கு விடியக்காலம் தேவிபட்டினம் போய், கடலுக்குள்ள நிக்கிற நவகிரகக் கல்லைச் சுத்தி நவதானியம் போட்டு வேண்டிக்கிட்டேன்: "இதுவே அவர் ஆடுற கடைசி ஆட்டமா இருக்கட்டும்."

எதிர்ல ஆடுனவனுக்கு வயசு இருபது. இவரை மூலைக்கு மூலை ஓடவிட்டான். கடைசி செட்டுல இவர் கை அடிக்கடி நெஞ்சுக்குப் போச்சு.

ஆனாலும் ஜெயிச்சுட்டார். கூட்டம் எந்திரிச்சுக் கத்துச்சு. சாமியும் கைவிட்டுருச்சேன்னு எனக்கு ஆத்திரம். இவர் நாற்காலியில சாஞ்சு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டார். ஜெயிச்சவன் எதுக்குய்யா தலையில துண்டு போடணும்?

கப்பு வாங்க மைக்குல பேரைக் கூப்பிட்டாங்க. திரும்பவும் கூப்பிட்டாங்க. துண்டு அசையலை.

அப்பத்தான் காலையில நான் கேட்டது என் காதுலயே விழுந்துச்சு. அவர் தோக்கணும்னு நான் கேட்கவே இல்லையே.